பாட்டின் இனம் யாது?

சிங்கப்பூரின் கிச்சனர் ரோட்டில், சிராங்கூன் ரோட்டுக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவே, இன்று சிட்டி ஸ்குவேர் மால் என்ற பேரங்காடி நிற்கும் இடத்தில் 1923-ஆம் ஆண்டு தொடங்கி வெகுகாலம் ‘நியூ வேர்ல்டு’ என்னும் கேளிக்கைப் பூங்கா ஒன்று இருந்தது. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். உள்ளே நுழைந்தவர், ஒரு கொட்டகையில் பங்சாவான் என்னும் மலாய் நாடகத்தையும், மற்றொன்றில் சீன இசைநாடகத்தையும், மேடையொன்றில் ரோங்கெங் ஆட்டத்தையும், காபரே மண்டபத்தில் பிலிப்பீன்ஸ் தீவுகளிலிருந்து வந்த வாத்தியக்காரர்கள் வாசித்த மேனாட்டு நடன இசையையும் அனுபவித்துவிட்டு அந்த இரவே வீடு திரும்பலாம். பங்சாவானை மட்டும் எடுத்துக்கொண்டாலும், அது பார்ஸி நாடகக் கம்பெனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குக்கு வந்து ஆடியதைப் பார்த்து மலாய் பாஷையில் முளைத்த கலை. அதன் பக்கவாத்தியங்களில் ஹார்மோனியமும் தபலாவும் இருந்தன. பிற்பாடு வயலினும் பியானோவும் வந்து சேர்ந்தன. கதை அரபு நாட்டுக் கதையாகவும் இருக்கும், ஷேக்ஸ்பியராகவும் இருக்கும். சபையில் இன்ன இனத்தார்தான் என்று சொல்ல முடியாதபடி எல்லோரும் இருப்பார்கள். இது எந்த இனத்தின் சங்கீதம் என்று அங்கே சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்த ஒருவரைக் கேட்டிருந்தால், கேள்வியின் தாத்பரியமே அவருக்கு விளங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் அந்தக் காலத்துச் சங்கீதத்தைப் பற்றி இன்று நாம் எழுதப் புகும்போது, பள்ளிக்கூடக் கட்டுரையானாலும் சரி, கண்காட்சிக் கூடத்துக் குறிப்புப் பலகையானாலும் சரி, தேசிய விழாவின் நிகழ்ச்சி நிரலானாலும் சரி, சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்ற நான்கு தலைப்புகளை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு ஒவ்வொரு பாட்டையும் அவற்றுள் ஏதேனும் ஒன்றின் கீழே கொண்டுபோய் வைப்பது என்ற வழக்கத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. இவ்வழக்கம் பாதி பயனுள்ளது, பாதி கெடுதியானது என்பது என் அபிப்பிராயம். பாட்டைச் சுற்றியுள்ள மனிதர்களையும் பணத்தையும் சட்டத்தையும் ஆராய்வதற்கு இனப் பாகுபாடு மெத்தவும் உதவும். பாட்டை ஆராய்வதற்கு அது உதவாது. இவ்விரண்டு காரியங்களையும் பிரித்துக்கொள்ளாமல் ஒன்றாகக் குழப்பியதால்தான், நம் நாட்டின் ஜனரஞ்சக சங்கீதத்தைப் பற்றி எழுதப்படுகிற சரித்திரம், நடந்த சரித்திரத்தைக் காட்டிலும் வறியதாக இருக்கிறது.

இந்த நான்கு தலைப்புகள் சங்கீதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நீரிணைக் குடியேற்றங்களின் 1891-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், சீனர், மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற சுதேசிகளும், தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும் என்று ஆங்கிலேய அதிகாரிகள் ஜனங்களைத் தொகுத்து எழுதிக்கொண்டார்கள். ஆட்சி செய்கிறவனுக்கு அது சௌகரியம். ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கிராமபோன் கம்பெனிக்காக ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு கீழ்த்திசை நாடுகளைச் சுற்றி 1903-இல் சிங்கப்பூருக்கும் வந்தார். இசைத்தட்டு வியாபாரிகளும் பாஷை பாஷையாகவே ஜாபிதா போட்டார்கள். எந்தத் தட்டை எவன் வாங்குவான் என்பது அவர்கள் கவலை.

அமெரிக்காவில் இந்த வியாபாரக் கவலை இன்னும் அப்பட்டமாக வெளிப்பட்டது. மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி ஓகே கம்பெனிக்காக 1920-இல் பாடிய ‘கிரேஸி புளூஸ்’ ஏராளமாக விற்றதைக் கண்ட கம்பெனிகள், கறுப்பினத்தாருக்கென்று ‘இனத் தட்டுகள்’ என்றே பெயர் சூட்டித் தனி வரிசை வெளியிட்டன. தென்மாநிலத்து வெள்ளை ஏழைகளுக்கு வேறொரு வரிசை. இரண்டு வரிசைகளிலும் பாடியவர்களில் பலர் ஒரே ஊரில் வளர்ந்து, ஒரே பாட்டுகளை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றவர்களாக இருந்தார்கள். வெள்ளையரின் நாட்டுப்புற இசைக்குத் தந்தை என்று கொண்டாடப்படுகிற ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930-இல் ஒரு பாட்டைப் பதிவு செய்தபோது, கூட நின்று டிரம்பெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1949-இல் ‘பில்போர்டு’ பத்திரிகை தன் விற்பனைப் பட்டியலில் இருந்த ‘இனத் தட்டுகள்’ என்ற தலைப்பை எடுத்துவிட்டு ‘ரிதம் அண்டு புளூஸ்’ என்று மாற்றிற்று. பட்டியலுக்குள் இருந்த பாட்டுகள் அதனால் மாறிவிடவில்லை.

பிலிப் டாக் என்ற ஆங்கிலேய இசை ஆராய்ச்சியாளர் 1989-இல் ஒரு பகிரங்கக் கடிதம் பிரசுரித்தார். கறுப்பர் இசை என்றும் ஐரோப்பிய இசை என்றும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே, இதற்கு அது வேறு என்று காட்டும் லட்சணங்கள் எவை என்று சக ஆராய்ச்சியாளர்களைக் கேட்பது அக்கடிதம். ஸ்வரத்தைச் சற்றே தாழ்த்திப் பிடிப்பது, ஒருவர் பாட மற்றவர்கள் பதில் பாடுவது, தாளத்தின் எதிர்பாராத இடத்தில் அழுத்தம் கொடுப்பது, மனோதர்மம் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு, இவை ஒவ்வொன்றும் பிரிட்டிஷ் தீவுகளின் பழைய இசையிலும் ஐரோப்பியர் இசையிலும் உண்டென்றும், ஆப்பிரிக்கா என்ற கண்டத்தின் எல்லாச் சங்கீதத்துக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட முடியாதென்றும் வாதித்தார். நாதத்தின் அளவில் அவருடைய வாதத்துக்கு நான் பதில் கண்டதில்லை. நம்மவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். முத்துஸ்வாமி தீக்ஷிதர் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு ஸம்ஸ்கிருத சாஹித்யம் செய்தார். பிரிட்டிஷாரின் ராஜவாழ்த்து மெட்டும் அவற்றுள் ஒன்று. வயலினை நீக்கிவிட்டு ஒரு கர்நாடகக் கச்சேரியை இன்று எவராவது கற்பனை செய்ய முடியுமா? பாலத்தைக் கடந்து ஜோகூருக்குப் போனால், மலாய் கஸல் என்னும் சங்கீதத்தைக் கேட்கலாம். பாடுகிறவர் மலாய்க்காரர், பாட்டு மலாய்ப் பாட்டு. பக்கத்தில் ஒருவர் ஹார்மோனியம், ஒருவர் தபலா, ஒருவர் வயலின், இன்னொருவர் அரபு நாட்டு ஊத் என்னும் நரம்புக் கருவிக்கு உறவான கம்புஸ். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற தமிழ் ரசிகருக்கு, முதல் சில விநாடிகள், உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். அதை மலாய் சங்கீதம் என்று சொல்வது தவறா என்றால், இல்லை; அது மலாய்க்காரர் தமதாக்கிக்கொண்ட சங்கீதம். ஆனால் அப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில், கேட்பவனுக்கு அந்த நாதத்தைப் பற்றி ஏதேனும் தெரிந்துவிட்டதா?

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் பாலஸ்டியர் ரோட்டுக்கு அருகே ஜாலான் ஆம்பாஸ் என்ற சிறு வீதி இருக்கிறது. ஷா சகோதரர்களின் மலாய் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ் 1947 முதல் 1967 வரையில் அங்கேதான் படம் எடுத்தது. முதலாளிகள் ஷாங்காயிலிருந்து வந்த சீனர்கள். டைரக்டர்களோ பி. எஸ். ராஜ்ஹான்ஸ், எல். கிருஷ்ணன், பி. என். ராவ், எஸ். ராமநாதன், பணி மஜும்தார் என்று ஏறக்குறைய எல்லோரும் இந்தியர்கள். இவர்களுள் மஜும்தார் 1938-இல் கே. எல். சைகல் நடித்த ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ படத்தை இயக்கியவர். நடித்தவர்கள் மலாய்க்காரர்கள். ஐந்து நிமிஷத்துக்கொருமுறை கதையை நிறுத்தி ஒரு பாட்டு, நடிப்பவருக்கு வேறொருவர் குரல் கொடுப்பது, அழுகையும் ஹாஸ்யமும் மாறி மாறி வருவது என்ற இந்திய சினிமாவின் சம்பிரதாயங்கள் யாவும் அங்கே மலாய் பாஷையில் வேரூன்றின.

அந்த ஸ்டூடியோவுக்கு 1948-இல் பினாங்கிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். ஆச்சே தேசத்திலிருந்து குடியேறிய தகப்பனாருக்குப் பிறந்தவன். புக்கிட் மெர்த்தாஜாமில் நடந்த ஒரு பொருட்காட்சியில் அவன் பாடியதை ராஜ்ஹான்ஸ் கேட்டு அழைத்து வந்தார். ‘சிந்தா’ படத்தில் பின்னணிக் குரல் கொடுத்துத் தொடங்கிய பி. ரம்லீ, பிற்பாடு நடிகராகவும், இசையமைப்பாளராகவும், 1955-இல் ‘பெனாரெக் பெச்சா’ படத்தின் மூலம் டைரக்டராகவும் உயர்ந்தார். அவர் மெட்டுகளில் ஜோகெட்டும் இனாங்கும் உண்டு. எகிப்தை நினைவூட்டும் மஸ்ரி தாளமும், போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற கெரோஞ்சோங்கும் உண்டு. இந்துஸ்தானி மெட்டின் சாயலும், லத்தீன் அமெரிக்காவின் ரும்பாவும் சா-சாவும் உண்டு. 1964-இல் வந்த ‘தீகா அப்துல்’ படத்தின் ‘பூஞி கித்தார்’ பாட்டில் அமெரிக்க டுவிஸ்ட்டே வந்துவிட்டது. மஜும்தார் இயக்கிய ‘ஹாங் துவா’ படத்துக்கு இவர் அமைத்த இசை 1956-இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியப் படவிழாவில் பரிசு பெற்றது. மலாய் இதிகாச புருஷனின் கதை, வங்காளி டைரக்டர், சீன முதலாளி, ஆச்சே வம்சத்துப் பினாங்குக்காரரின் இசை. இப்படியொரு படத்தின் பாட்டை நான்கு தலைப்புகளில் ஒன்றில் வைத்துவிட்டுத் திருப்தியாகத் தூங்கப்போகிற ஆராய்ச்சியாளனைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன்.

இதே ஜாலான் ஆம்பாஸில்தான் இனப் பாகுபாடு எங்கே பயன்படும் என்பதையும் காணலாம். மலாய்ப் படங்களை இந்தியர்களே இயக்குகிறார்கள், கதைகள் மலாய் வாழ்க்கைக்கு அந்நியமாக இருக்கின்றன, எங்கள் ஆட்களுக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று அக்காலத்து மலாய் எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களும் குறைபட்டார்கள். அது நியாயமான குறை. யார் முதலாளி, யார் மேஸ்திரி, யார் கூலி என்று கேட்கும்போது இனக் கணக்கு பேசுகிறது. ரம்லீ டைரக்டர் நாற்காலியில் அமர்ந்தது எத்தனை பெரிய காரியம் என்பது அந்தக் கணக்கைப் பார்க்காதவனுக்குப் புரியாது. அவருடைய ரும்பாவின் லயத்தை விளக்க வேண்டும் என்கிறபோதோ அதே கணக்கு வாயை மூடிக்கொள்கிறது.

அறுபதுகளின் கித்தார் கோஷ்டிகளுக்கு வருவோம். கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் 1961-இல் இங்கே வந்து வாசித்துவிட்டுப் போனபின் பேட்டைக்கொரு கோஷ்டி முளைத்தது. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்பப் பள்ளியின் மாணவர்களிடையே உருவான ‘குவெஸ்ட்ஸ்’ குழு 1964-இல் ‘ஷான்டி’ என்ற வாத்திய இசைத்தட்டை வெளியிட்டு, சிங்கப்பூரின் விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸையே முதலிடத்திலிருந்து இறக்கிற்று. அதில் முன்னணிக் கித்தார் வாசித்தவர் ரெஜி வர்கீஸ். மற்ற மூவரும் சீனர்கள். வர்கீஸின் கித்தாரில் கேரளத்தின் சாயல் இருக்கிறதா என்று தேடுகிறவன் வீணாக அலைவான். ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வினைத் தேடினால் உடனே கண்டுகொள்வான். இதே குழுவினர் பின்னால் ரீத்தா சாவ், சாகுரா டெங் ஆகிய பாடகிகளின் சீனப் பாட்டுகளுக்கும் வாசித்தார்கள். அந்தத் தட்டுகள் இன்று சீன இசை என்ற தலைப்பின் கீழ் இருக்கின்றன. நவோமி சூரியா தம் குழுவினருடன் பாடிப் புகழ்பெற்ற பிறந்தநாள் பாட்டு, 1957-இல் அமெரிக்கக் கறுப்பினக் குழு ஒன்று பாடியது. மலாய் இளைஞர்களின் ‘பாப் யே யே’, பெயரையே பீட்டில்ஸின் கூச்சலிலிருந்து எடுத்துக்கொண்டது. யார் யாரிடம் கற்றார்கள், எந்தத் தட்டைத் தேய்ந்துபோகும்வரை போட்டுக் கேட்டார்கள், எந்தக் கிளப்பில் எவருக்காக வாசித்தார்கள் என்று கேட்டால் இந்தச் சரித்திரம் தானாக விரியும். இனத்தைக் கேட்டால் நான்கு சொற்களோடு நின்றுவிடும்.

மலாக்கா செட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்கலாகாது. தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள், சைவர்கள், வீட்டு பாஷை மலாய், பரம்பரையாகப் பாடுவது டொன்டாங் சாயாங் என்னும், பாந்துன் என்ற மலாய்ச் செய்யுளால் ஆன பாட்டு. மலாய்க்காரரும், பாபா நியோன்யாக்களும், செட்டிகளும், போர்த்துக்கீசிய வம்சத்தாரும் ஆக நான்கு சமூகத்தாரும் பாடும் கலை என்றே 2020-இல் யுனெஸ்கோ அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரிலும் இச்சமூகத்தார் இருக்கிறார்கள். கேம்பெல் லேனிலுள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018-இல் இவர்களைப் பற்றி ஒரு கண்காட்சி நடத்திற்று. அடையாள அட்டை இவர்களை இந்தியர் என்கிறது. வாயைத் திறந்தால் பாந்துன் வருகிறது. தனிமனிதர்களின் விஷயத்தில் அரசாங்கமே 2011 முதல் இரட்டை இனப் பதிவுக்கு இடம் கொடுத்திருக்கும்போது, பாட்டுகளின் விஷயத்தில் நாம் இவ்வளவு கண்டிப்பாக இருப்பானேன்?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது பலமானது. இனத் தலைப்பை எடுத்துவிட்டால், சிறு சமூகத்தின் இசை பெருவெள்ளத்தில் காணாமல் போய்விடாதா? நூற்றுக்கு ஒன்பது பேராக இருக்கும் இந்தியர்களுக்குள் ஒரு பகுதியாக இருக்கும் தமிழர்களுக்கு ஒலி 96.8 வானொலியும் வசந்தம் ஒளிவழியும் கிடைத்திருப்பது, தமிழ் என்ற தலைப்பு ஒன்று அரசாங்கக் கணக்கில் இருப்பதனால்தானே? முற்றிலும் உண்மை. அமெரிக்காவில் கறுப்பினத்தார் பாட்டை வெள்ளையர் பாடிப் பொருள் சேர்த்த கதையைச் சொல்வதற்கும் இனப்பெயர் இல்லாமல் முடியாது. தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிப்பதற்கு 1973-இல் வந்த தடையையும், 2016 முதல் குறிப்பிட்ட இடங்களில் அது தளர்த்தப்பட்டதையும் ஆராய்கிறவன், ஒரு சமூகத்தைப் பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும். 2019-இல் மின்னியல் கட்டணச் சேவை விளம்பரம் ஒன்றில் சீன நடிகரொருவர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு முத்துசாமி என்ற இந்தியராகத் தோன்றியதும், அதற்கு மறுமொழியாக இரண்டு இந்திய இளைஞர்கள் ராப் பாட்டொன்று வெளியிட்டு, கடுஞ்சொற்களுக்காகப் போலீஸின் எச்சரிக்கை பெற்றதும் இனத்தைப் பேசாமல் விளங்கக்கூடிய சம்பவங்களா? பங்கு கேட்கவும், குறை சொல்லவும், அநீதியைக் கணக்கிடவும் இந்தப் பெயர்கள் வேண்டும். இதில் எனக்குத் தர்க்கமே இல்லை.

ஆயினும் காப்பாற்றுவதாகச் சொல்லப்படும் தலைப்புக்குள்ளேயே யார் யார் நசுங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்திய இசை என்று இங்கே சொன்னவுடன் கர்நாடகமும் இந்துஸ்தானியும் நினைவுக்கு வருகின்றன. 1949-இல் தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் போன்ற ஸ்தாபனங்கள் அவற்றுக்குச் செய்திருக்கும் சேவை பெரிது. ஆனால் தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரையில் காவடிக்குப் பின்னால் வர ஏங்கும் உறுமி மேளம் அந்தத் தலைப்பில் எங்கே இருக்கிறது? ஒரு கையால் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி இழுத்து அடிவயிற்றைக் கலக்கும் அந்த உறுமலை எழுப்பவும், மறுபுறம் தாளம் தவறாமல் அடிக்கவும் கற்பதற்கு நம் இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அவர்களை வித்துவான் என்று யாரும் அழைப்பதில்லை. தமிழ்நாட்டில் தோற்கருவி வாசித்தவனை ஊர் எந்த எல்லையில் நிறுத்திவைத்தது என்ற ஜாதிக் கதை கடல் கடந்தும் கொஞ்சம் வந்திருக்கிறது. இந்தியர் என்ற பெரிய போர்வை அதை அழகாக மூடிவிடுகிறது. பஞ்சாபியர் பாங்ராவும் இதே போர்வைக்குள்தான். அதற்கும் உறுமிக்கும் என்ன உறவு என்று கேட்டால் பதில் வராது.

இன்றைய பிள்ளைகள் இந்தத் தலைப்புகளை மதிப்பதாகத் தெரியவில்லை. சிங்கப்பூர் ராப் பாடகர் யங் ராஜா 2018-இல் ஓர் அமெரிக்க ராப் பாட்டை எடுத்துப் ‘பூரி கேங்’ என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து பாடினார். நம் ஊர் ராப் பாடகிகள் லேடி கேஷும் கிரிஸ்ஸியும் 2010-இல் ‘எந்திரன்’ படத்தில் ரஹ்மானுடன் பாடினார்கள். சிங்கப்பூரரான ஷபீர் இசையமைத்த ‘சகா’ படத்தில் குறுந்தொகைப் பாட்டொன்று புது மெட்டில் தமிழ்நாட்டு இளைஞர்களின் வாயில் புகுந்தது. தமிழ் அறியாத சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் தேசிய தினத்தில் உற்சாகமாகப் பாடும் ‘முன்னேறு வாலிபா’, எஸ். ஜேசுதாசன் இயற்றியது, சொல் தமிழ், நடை மேனாட்டு அணிவகுப்பு நடை. மலாயில் பாடப்படும் நம் தேசிய கீதத்தை 1958-இல் இயற்றிய சுபிர் சயித், சுமத்ராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து 1928-இல் வந்து பங்சாவான் குழுவில் சேர்ந்தவர்.

இனி நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2015-இல் ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கித் தேசிய நூலகத்துக்கு அளித்தவர்கள் இசை, நாடகம் ஆகியவற்றுக்கும் அந்தப் பணியை விரித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் கல்யாணத்திலோ கோயில் திருவிழாவிலோ வாசித்த பழைய கோஷ்டிகளின் கேசட்டுகளும், அழைப்பிதழ்களும், மேடைப் புகைப்படங்களும் இருந்தால், பழைய சாமான்காரரைக் கூப்பிடுவதற்கு முன் நூலகத்தாரைக் கூப்பிடுங்கள். கொடுக்கும்போது, அதில் கித்தார் வாசித்தவர் யார், டிரம்ஸ் அடித்தவர் எந்தப் பேட்டைக்காரர், அவர் யாரிடம் கற்றார், அன்றைய கூலி எவ்வளவு, பணம் கொடுத்தவர் யார் என்று தெரிந்தமட்டும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயதாகிறது. இனத்தையும் எழுதுங்கள், தவறில்லை. கடைசி வரியில் எழுதினால் போதும்.